நிகழ்ச்சியும் நிரலும்

1

டாலெக்கிடம் நான் பதினோரு தடவை செத்தேன். இடம் லண்டன், ஆண்டு 1963 - அதாவது விளையாட்டுக்குள் இருக்கும் லண்டன், விளையாட்டுக்குள் இருக்கும் 1963. இடிபாடுகளுக்கு நடுவே ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கி, ரோந்து வரும் அந்த இரும்புக்கூடு வேறு பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, அடுத்த மறைவுக்கு ஓட வேண்டும். கண்ணில் பட்டால் தீர்ந்தது கதை. மறுபடியும் முதல் சுவர். விளையாட்டுக்கு வெளியே இருக்கும் லண்டனில், 2011இல், யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வீட்டில் விருந்தாளியாக இருந்த சமயம் அது. பக்கத்தில் உட்கார்ந்து என் சாவுகளை எண்ணிக்கொண்டிருந்த அவருடைய மகள் ஒரு கட்டத்தில் பொறுமையிழந்து சொன்னாள்: “மாமா, டொக்டர் இப்பிடியெல்லாம் சாகமாட்டார்.”

அந்த விளையாட்டின் மேல் இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை யாரும் வைத்துவிட முடியாது என்று அப்போதே எனக்குப் பட்டது. இந்தக் கட்டுரை அவள் சொன்ன ஒரு வாக்கியத்துக்கான நீண்ட அடிக்குறிப்பு, அவ்வளவுதான்.

விவரம் இது. ‘டாக்டர் ஹூ’ தொடரை வைத்து பிபிசி 2010 ஜூனில் ‘த அட்வெஞ்சர் கேம்ஸ்’ என்ற வரிசையைத் தொடங்கியது. ஷெஃபீல்டைச் சேர்ந்த சூமோ டிஜிட்டல் உருவாக்கம். ‘புரோக்கன் ஸ்வோர்ட்’ விளையாட்டுகளால் பேர் பெற்ற சார்ல்ஸ் செசில் மேற்பார்வை. அப்போது தொடரில் நடித்துக்கொண்டிருந்த மாட் ஸ்மித், கேரன் கில்லன் இருவரின் சொந்தக் குரல். முதல் விளையாட்டின் பெயர் ‘சிட்டி ஆஃப் த டாலெக்ஸ்’. தொடரை ஒட்டி விற்கும் பொம்மை, சட்டை வகையறாவாக இவற்றை பிபிசி அறிமுகப்படுத்தவில்லை. தொடரின் கூடுதல் அத்தியாயங்கள் என்றே சொன்னது. பிரிட்டனில் இருந்தவர்கள் காசில்லாமல் இறக்கிக்கொள்ள முடிந்தது. வெளியே இருப்பவர்களுக்கு அதன் வணிகப் பிரிவான பிபிசி வேர்ல்ட்வைட் விலை வைத்து விற்றது. மொத்தம் ஐந்து வந்தன. 2011இல் வந்த ‘த கன்பவுடர் பிளாட்’ கடைசி.

வீடியோ கேமுக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சினிமாவைப் பற்றி எழுதியபோதும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அது கிடக்கட்டும். எனக்கு இருக்கும் கேள்வி வேறு: பொதுமக்கள் காசில் நடக்கும் ஒரு ஒளிபரப்பு ஸ்தாபனம் தன் நிகழ்ச்சியை விளையாட்டாக மாற்றும்போது, அங்கே எது மாறுகிறது, எது கைமாறுகிறது?

2

‘டாக்டர் ஹூ’ 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. (விளையாட்டு அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தது தற்செயலல்ல.) பிபிசி நாடகப் பிரிவின் தலைவராக இருந்த கனடாக்காரர் சிட்னி நியூமனின் திட்டத்தில் பள்ளிக்கூட வாசனை தூக்கலாகவே இருந்தது: காலத்தில் பின்னால் போனால் வரலாற்றுப் பாடம், முன்னால் போனால் அறிவியல் பாடம். கண் துருத்திய விண்வெளி ராட்சசர்கள் கூடவே கூடாது என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, இரண்டாவது கதையிலேயே டாலெக் வந்துவிட்டது. நாடு முழுக்கப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு டாலெக் குரலில் கத்த ஆரம்பித்தார்கள். பொம்மைக் கடைகள் விழித்துக்கொண்டன. டாலெக்கை எழுதிய டெர்ரி நேஷன் வெளியிலிருந்து எழுதிக்கொடுத்தவர், ஆகவே உரிமையில் பங்கு கிடைத்தது. அதற்கு உருவம் கொடுத்த ரேமண்ட் க்யூசிக் பிபிசியின் மாதச் சம்பள ஊழியர், ஆகவே அந்த உருவம் அவருடையதாக இல்லை. பொதுத்துறைக்குள் ‘சொத்து’ என்கிற சங்கதி எப்படி நுழைகிறது என்பதற்கு இந்த ஒரு எந்திரமே போதுமான பிரதி.

ஆக, இந்த நிகழ்ச்சி ஆரம்பத்திலிருந்தே பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் நின்றதுதான். விளையாட்டாக மாறியதால் புனிதம் கெட்டுவிட்டது என்ற புலம்பல் என்னுடையதல்ல.

தொடரின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். டாக்டர் பொதுவாகத் துப்பாக்கி எடுப்பதில்லை. அவருடைய ஆயுதம் பேச்சு - எதிரியைக் குழப்புகிற, காலத்தை இழுத்தடிக்கிற, திடீரென்று உண்மையைச் சொல்லிவிடுகிற பேச்சு. பார்வையாளர் டாக்டராக உட்கார்வதில்லை. அவர் கூடப் போகிற துணையின் இடத்தில் உட்கார்கிறார். ‘இது என்ன டாக்டர்?’ என்று துணை கேட்பது நம் சார்பில் கேட்பது. தொடர் கட்டமைக்கும் தன்னிலை, தெரியாதவரின் தன்னிலை. தெரியாமை அங்கே இழிவில்லை. கதை நகர்வதே அதனால்தான்.

விளையாட்டு பெரும்பாலும் உங்களை டாக்டரின் உடம்புக்குள் வைக்கிறது. உருவாக்கியவர்கள் நேர்மையானவர்கள். டாக்டர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை, அதற்காக அவர்களை மதிக்கிறேன். ஆனால் துப்பாக்கி போனபின் என்ன மிச்சம்? பதுங்குவது. ஓடுவது. சுவரில் படாமல் ஒரு புள்ளியை வளைவுகளுக்குள் நகர்த்துவது. அங்கங்கே சிதறிக் கிடக்கும் அட்டைகளைப் பொறுக்குவது. டாக்டர் பேசுகிறாரே என்றால், பேசுகிறார் - நன்றாகவே பேசுகிறார் - ஆனால் அந்த இடங்களில் நாம் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டாக்டரின் உடம்பு நமக்கு, டாக்டரின் மூளை பிபிசிக்கு. தொலைக்காட்சி நம்மைச் செயலற்றவராக வைத்திருக்கிறது, விளையாட்டு செயல்பட வைக்கிறது என்று ஒரு வாய்ப்பாடு புழக்கத்தில் இருக்கிறதில்லையா, அது இங்கே தலைகீழாகிறது. நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமி டாக்டரோடு சேர்ந்து யோசித்தாள். விளையாடிக்கொண்டிருந்த நான் சுவர்களை எண்ணினேன். ‘டாக்டர் இப்படிச் சாகமாட்டார்’ என்றால் ‘டாக்டர் இப்படி யோசிக்கமாட்டார்’ என்றுதான் பொருள்.

3

இதை விளையாட்டு என்ற வடிவத்தின் ஊனம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பக்கத்திலேயே மறுப்பு இருக்கிறது. டக்ளஸ் ஆடம்ஸின் ‘த ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி’ 1978இல் பிபிசி வானொலி நாடகமாகப் பிறந்து, 1981இல் பிபிசி தொலைக்காட்சித் தொடரானது. 1984இல் அதை ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் சேர்ந்து, அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக விளையாட்டாக்கினார்கள். படமே கிடையாது. வெறும் எழுத்து. திரை ஒரு வாக்கியம் சொல்லும், நாம் ஒரு கட்டளை தட்ட வேண்டும். அந்த விளையாட்டு ஆட்டக்காரரிடம் கூசாமல் பொய் சொல்லும். கைவசம் உள்ள பொருள்களின் பட்டியலில் ‘தேநீர் இல்லை’ என்பது ஒரு பொருளாகவே இருக்கும். ஒரு கட்டத்தில் தேநீரையும் ‘தேநீர் இல்லை’யையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தாக வேண்டும், அதற்கு முதலில் பாத்திரத்தின் பொதுப்புத்தியைக் கழற்றி எறிய வேண்டும்.

ஆடம்ஸின் நகைச்சுவை, மொழி தன்னையே நம்பி ஏமாறும் இடத்தில் பிறப்பது. விளையாட்டின் விதியும் அங்கேயே பிறக்கிறது. கதாபாத்திரத்தின் முகத்தை அது கொண்டுவரவில்லை, குரலைக் கொண்டுவரவில்லை; கதையின் தர்க்கத்தைக் கொண்டுவந்து விதியாக்கியது. ஒரு பிரதி ஊடகம் மாறும்போது தங்க வேண்டியது அதன் தர்க்கம். ‘அட்வெஞ்சர் கேம்ஸ்’ கொண்டுவந்தது முகத்தை. முகம்தானே சந்தைக்கு அடையாளம்? தர்க்கத்தை வணிகக்குறியாகப் பதிவுசெய்ய முடியாது, முகத்தைச் செய்யலாம்.

4

ஆங்கிலத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் கணினிக்குக் கொடுக்கும் கட்டளைத் தொகுதிக்கும் ஒரே சொல். தமிழில் நாம் இரண்டாகப் பிரித்துவிட்டோம்: அது நிகழ்ச்சி, இது நிரல். இரண்டையும் ஒட்டினால் நிகழ்ச்சிநிரல் - கூட்டத்தில் எதைப் பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்பதை முன்கூட்டியே யாரோ எழுதி வைக்கும் தாள். இந்தப் பிரிவினையை நான் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் பிபிசி 1980களில் நிகழ்ச்சியோடு நிரலையும் ஒளிபரப்பியது. உருவகமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே.

கணினி எழுத்தறிவுத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏக்கார்ன் நிறுவனத்தைக் கொண்டு 1981 டிசம்பரில் பிபிசி தன் பெயரில் ஒரு கணினியை வெளியிட்டது. பிபிசி மைக்ரோ. 1982 ஜனவரியில் ‘த கம்ப்யூட்டர் புரோக்ராம்’ என்ற தொடர் திரையில் வந்தது: பார்த்துக்கொண்டே வீட்டில் செய்துபார்க்கலாம். 15 லட்சத்துக்கு மேல் விற்ற கருவி. அரசின் மானியத்தோடு பள்ளிக்கூடங்களுக்குள் போனது. 1983 முதல் 1989 வரை சீஃபாக்ஸ் என்ற தொலைக்காட்சி எழுத்துச்சேவையின் வழியாக நிரல்களே வானத்தில் அனுப்பப்பட்டன. அதற்கான இணைப்பை வைத்திருப்பவர்கள் பிடித்து இயக்கிக்கொள்ளலாம். அந்தக் கருவிக்காகத்தான் டேவிட் ப்ரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1984இல் ‘எலைட்’டை எழுதினார்கள். 32 கிலோபைட் நினைவகத்துக்குள் எட்டு நட்சத்திர மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். அத்தனையையும் சேமித்து வைக்க இடம் ஏது? ஒரு விதியை எழுதினார்கள். உலகங்களை விதி பெற்றுக்கொண்டது. ‘எலைட்’ எந்த பிபிசி நிகழ்ச்சியிலிருந்தும் வரவில்லை. ஆனால் ஒரு பொது ஒளிபரப்பாளர் விளையாட்டுக் கலைக்குச் செய்த ஆகப்பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

ப்ரெக்ட் 1932இல் வானொலியைப் பற்றி எழுதியது இங்கே நினைவுக்கு வருகிறது. வானொலி கொடுக்க மட்டும் தெரிந்த கருவியாக இருக்கிறது, வாங்கவும் தெரிய வேண்டும், கேட்பவர் பேச வேண்டும் என்பது அவருடைய வாதம். விளையாட்டு இந்தக் கனவை நிறைவேற்றிவிட்டதாகச் சிலர் எழுதுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் திரை பதில் சொல்கிறதே! பதில் சொல்கிறது, சரி. ஆனால் நாம் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் அது முன்பே எழுதி வைத்திருக்கிறது. பங்கெடுப்பது வேறு, அனுமதிக்கப்பட்ட அசைவுகளை அசைப்பது வேறு. டாலெக் நகரத்தில் நான் செய்தது இரண்டாவது. 1984இல் அந்த மாணவர்கள் செய்தது முதலாவது. முதலாவது சாத்தியப்பட்டது, கருவியைத் திறந்த நிலையில் கொடுத்ததால்.

பொற்காலம் பாடுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். பிபிசி மைக்ரோ விலை மலிந்த சாமானல்ல. அதை வாங்க முடிந்த வீடு எது என்பதில் வர்க்கம் இருக்கிறது. பொது ஸ்தாபனத்தின் பெயரில் ஒரு தனியார் கம்பெனி வளர்ந்தது. இதெல்லாம் உண்மை. ஆனாலும் அங்கே பொதுமக்கள் எழுதக்கூடியவர்களாக அழைக்கப்பட்டார்கள்.

5

அப்படியென்றால் எழுதுகருவியிலிருந்து வணிகக்குறிக்கு எப்படி வந்து சேர்ந்தது?

பணம் என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிடலாம். அது பாதிதான். 1995இல் வேர்ல்ட்வைட் என்று பெயர் சூட்டப்பட்ட வணிகப் பிரிவின் வேலை, நிகழ்ச்சிகளை உலகத்துக்கு விற்று உரிமக் கட்டணத்துக்குத் துணையாகக் காசு கொண்டுவருவதாக இருந்தது. 2010இல் ஆண்டுக் கட்டணம் 145 பவுண்டு 50 பென்ஸ். அந்த ஆண்டே அதை உறையவைத்தார்கள், 2017 வரை ஏறவில்லை. கொண்டுவா, கொண்டுவா என்ற நெருக்கடி. ‘டாப் கியர்’ நிகழ்ச்சியின் சோதனைப் பாதை சோனியின் ‘கிரான் டூரிஸ்மோ 5’ விளையாட்டுக்குள் போனது. 2007இல் லோன்லி பிளானட் பயண நூல் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கி, பிறகு மிச்சத்தையும் வாங்கி, மொத்தம் 13 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டி, 2013இல் 5 கோடியே 15 லட்சத்துக்கு விற்றார்கள். சந்தையில் இறங்கினால் சந்தைக்காரனாகிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் செலவான பாடம் இருக்காது.

மறுபாதிதான் முக்கியம். 2006 ஜனவரியில் ‘பிபிசி ஜாம்’ என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச இணையக் கல்விச்சேவை ஒன்று தொடங்கப்பட்டது. ஒதுக்கிய தொகை 15 கோடி பவுண்டு. கல்வி மென்பொருள் விற்கும் தனியார் நிறுவனங்கள் ஐரோப்பிய ஆணையம்வரை போய் முறையிட்டன: நாங்கள் விற்பதை நீ சும்மா கொடுத்தால் நாங்கள் எங்கே போவது? 2007 மார்ச்சில் சேவை நிறுத்தப்பட்டது. திரும்ப வரவேயில்லை.

இரண்டு பாதிகளையும் சேர்த்து வாசித்தால் கிடைக்கும் சித்திரம் வினோதமானது. ஒரு குரல் சொல்கிறது: போய்ச் சம்பாதி. இன்னொரு குரல் சொல்கிறது: எங்கள் வியாபாரத்தில் கைவைக்காதே. இரண்டுக்கும் நடுவில் பொது ஸ்தாபனம் கால் வைக்கக் கிடைக்கும் இடம் எது? தனக்கே தனக்கென்று இருக்கும் பெயர்கள். டாலெக்கை விற்றால் யாரும் போட்டி என்று முறையிட முடியாது, டாலெக் வேறு யாரிடமும் இல்லையே. நிகழ்ச்சியைச் சொத்தாகப் பார்க்கும் பார்வை பேராசையால் மட்டும் வந்தது என்று நான் நினைக்கவில்லை. பொதுவாக எதையும் கொடுக்க விடாத சூழலில், மறுப்பில்லாமல் செய்யக்கூடியதாக எஞ்சியது அது.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சியைப் பற்றிய தன் நூலில் ‘ஓட்டம்’ என்ற கருத்தை வைத்தார்: தொலைக்காட்சியின் அனுபவ அலகு தனித்தனி நிகழ்ச்சி கிடையாது, ஒன்றோடொன்று கலந்து ஓடும் ஓட்டம். ஓட்டத்தை விற்க முடியாது. விற்க வேண்டுமானால் ஒரு துண்டை அறுத்தெடுத்து, பெயரிட்டு, உறைபோட்டு, காவல் வைக்க வேண்டும். விளையாட்டாக மாறுவதற்கு முன்பே நிகழ்ச்சி பண்டமாக மாறியிருக்க வேண்டியிருக்கிறது. இதன் தடயம் அழிவிலும் தெரிகிறது. 1960களின் பிற்பகுதியிலிருந்து 1978 வரை பிபிசி ‘டாக்டர் ஹூ’வின் பழைய நாடாக்களை அழித்தது. பாதுகாக்கத் தோன்றவில்லை, அது ஓட்டத்தின் காலம். ஆனால் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்த ரசிகர்களால், தொலைந்த அத்தியாயங்களின் ஒலி முழுவதும் மிஞ்சியது. வெளிநாடுகளுக்கு அனுப்பிய படச்சுருள்கள் திரும்பின. 2013இல் ஒன்பது அத்தியாயங்கள் நைஜீரியாவிலிருந்து கிடைத்ததாக அறிவித்தார்கள். இதற்கு எதிரே ‘வேர்ல்ட்ஸ் இன் டைம்’: 2012இல் தொடங்கிய, பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் ‘டாக்டர் ஹூ’ விளையாட்டு. 2014இல் மூடினார்கள். ஆடியவர்கள் கையில் என்ன இருக்கிறது? நாடாவும் இல்லை, சுருளும் இல்லை. உலகம் முழுதும் வழங்கியின் பக்கம் இருந்தது. விசையை அணைத்ததும் உலகம் போயிற்று. அலட்சியமாக ஒளிபரப்பப்பட்டது தப்பிப் பிழைக்கிறது, சொத்தாகப் பாதுகாக்கப்பட்டது தடயமில்லாமல் அழிகிறது.

6

அன்று இரவு நண்பரிடம், இந்த விளையாட்டு உங்களுக்கு இலவசம், எங்களுக்கு விலை என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “நாங்கள் பிபிசியை எப்பிடிக் கேட்டனாங்கள் தெரியுமோ? கரண்ட் இல்லை. பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சுப்போட்டு பெடலைச் சுத்தச் சுத்தத்தான் தமிழோசை. சுத்துறதை விட்டா சத்தம் நிண்டுடும்.” 1990களின் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்களை எனக்குப் பலர் சொல்லித் தெரியும். 1941இல் தொடங்கிய தமிழ்ச் சேவை சிற்றலையில் 2017 ஏப்ரல்வரை ஒலித்தது. அலைக்கு எல்லை தெரியாது. கேட்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று சோதித்துவிட்டு அது உள்ளே வரவில்லை. அதிலும் அரசியல் இல்லாமலில்லை. உலகச் சேவைக்கு 2014வரை காசு கொடுத்தது பிரிட்டனின் வெளியுறவுத் துறை. வெள்ளைக்காரன் நமக்குச் சும்மா ஒன்றும் தரவில்லை. ஆனால் பெடலைச் சுற்றிய அந்தக் கைக்கு அதில் ஒரு பங்கு இருந்தது. ப்ரெக்ட் கேட்டது முழுக்க இல்லைதான். ஆனாலும் கேட்பவர் உழைத்தால்தான் கருவி பேசும் என்ற அந்த நிலைமையை, என் பதினோரு சாவுகளின் பொத்தான் அழுத்தல்களோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நாலு வருஷம் கழித்து மறுபடி போயிருந்தேன். அந்தச் சிறுமியின் தம்பி ‘த டாக்டர் அண்ட் த டாலெக்’ ஆடிக்கொண்டிருந்தான். 2014 அக்டோபரில் பிபிசி குழந்தைகளுக்காக இலவசமாக வெளியிட்டது. பீட்டர் கப்பால்டி குரல். அடிபட்டுக் கிடக்கும் ஒரு டாலெக்கை டாக்டர் காப்பாற்றுகிறார். கட்டளைகளை வரிசையாக அடுக்கி அதை இயங்க வைப்பது ஆடுபவரின் வேலை. நிரல் எழுதப் பழக்குவதுதான் நோக்கம். சொன்னதை மட்டும் செய்யும், யோசிக்காத எந்திரம் என்பது 1963 முதல் டாலெக்கின் பொருள். அந்தப் பொருளே இங்கே விளையாட்டின் விதி. முகத்தோடு தர்க்கமும் வந்திருந்தது. 2016இல் பத்து லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பிபிசி வழங்கிய மைக்ரோபிட் சிறு கணினியில் முகமே இல்லை, எழுத இடம் மட்டும் இருந்தது. 1982இன் நினைவு ஸ்தாபனத்துக்குள் எங்கோ மிச்சமிருக்கிறது போலும்.

பையன் ஒரு கட்டளையைத் தப்பாக அடுக்கியிருந்தான். டாலெக் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இது டாலெக்கின் பிழையா என்று அவனைக் கேட்டேன். “இல்லை மாமா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன்” என்றவன் அழித்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தான்.